பிறவி மினமாட்டா நோய்

பிறவி மினமாட்டா நோய் என்பது, கருவுற்ற தாய் உண்ட மீனின் வழியாக மெத்தில் பாதரசம் என்னும் நச்சுச் சேர்மம் கருவிலிருக்கும் குழந்தையை அடைந்து, அதன் வளரும் மூளையைச் சிதைப்பதால் உண்டாகும் நரம்பு மண்டல நோயாகும். ஜப்பானின் கியூஷூ தீவில், குமமோட்டோ மாநிலத்தில் உள்ள மினமாட்டா நகரிலும் அதனை அடுத்த மீனவச் சிற்றூர்களிலும் 1950களில் பிறந்த குழந்தைகளிடம் இந்நோய் பெரும் எண்ணிக்கையில் காணப்பட்டது. ஜப்பானிய மொழியில் இது 'தாய்ஜிசெய் மினமாட்டா பியோ' எனப்படுகிறது. இதில் 'தாய்ஜி' என்னும் சொல் கருவிலுள்ள சேயைக் குறிக்கும். 'பிறவி' என்று அழைக்கப்பட்டாலும் இது மரபுவழி வருவதன்று. தாயின் உடலுக்குள் சென்ற நஞ்சினால் மட்டுமே விளைவது.

கருவுற்ற காலத்தில் கன உலோகங்களுக்கு ஆட்படுவதால் நேரும் தீங்குகளுக்கு முதன்மையான எடுத்துக்காட்டாக இந்நோய் மருத்துவ நூல்களில் குறிப்பிடப்படுகிறது. தாயிடம் நோயின் அறிகுறி ஏதும் தெளிவாகத் தென்படாத நிலையிலும் குழந்தை கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்பதை உலகம் இந்நோயின் மூலமே உணர்ந்தது.

பின்னணி

மினமாட்டாவில் சிசோ நிறுவனத்தின் வேதித் தொழிற்சாலை 1908 ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. உரம் தயாரிப்பில் தொடங்கிய இந்நிறுவனம் 1932 ஆம் ஆண்டில் அசிட்டால்டிஹைடு உற்பத்தியைத் தொடங்கியது. அசிட்டிலீன் வாயுவிலிருந்து அசிட்டால்டிஹைடைப் பெறுவதற்கு மெர்க்குரிக் சல்பேட்டு வினையூக்கியாகப் பயன்பட்டது. இவ்வினையின்போது சிறிதளவு மெத்தில் பாதரசம் துணைவிளைபொருளாக உண்டாகிக் கழிவுநீருடன் கடலில் கலந்தது. கனிமப் பாதரசம் கடலுக்குச் சென்ற பின்னரே மெத்தில் பாதரசமாக மாறியது என்று முதலில் எண்ணப்பட்டது. பின்னர், உலையிலேயே அது உண்டானது என்பது தெளிவாயிற்று. 1951 ஆம் ஆண்டில் வினையூக்கியுடன் சேர்க்கப்பட்டு வந்த மாங்கனீசு சேர்மத்திற்குப் பதிலாக இரும்புச் சேர்மம் பயன்படுத்தப்பட்டதும் கழிவில் மெத்தில் பாதரசம் மிகுந்ததற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மினமாட்டா விரிகுடா ஷிரனுய் என்னும் உள்நாட்டுக் கடலின் ஒரு பகுதியாகும். பெருங்கடலுடன் நீர்ப்பரிமாற்றம் குறைந்த இக்கடலில் கலந்த நஞ்சு, மிதவை உயிரிகளிலிருந்து சிறு மீன்களுக்கும், அவற்றிலிருந்து பெரிய மீன்களுக்கும் ஏறியது. உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு பல மடங்கு உயர்ந்தது. கரையோர மக்களுக்கு மீனும் சிப்பியும் தொட்டுக்கொள்ளும் பொருள்களாக மட்டும் இருக்கவில்லை; அவையே நாளின் முதன்மை உணவாகவும் இருந்தன.

மனிதர்களுக்கு முன்பே பூனைகள் தள்ளாடி, துள்ளி விழுந்து, கடலில் வீழ்ந்து மடிந்தன. 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் தொழிற்சாலை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். சில நாட்களில் அவளுடைய தங்கையும் அதே நிலையை அடைந்தாள். அம்மருத்துவமனையின் இயக்குநர் ஹோசோகாவா ஹஜிமே 1956 மே 1 அன்று, காரணம் அறியப்படாத மைய நரம்பு மண்டல நோய் ஒன்று பரவி வருவதாகச் சுகாதார அலுவலகத்திற்கு அறிவித்தார். இந்நாளே மினமாட்டா நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாகக் கொள்ளப்படுகிறது.

குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு அவ்வாண்டின் இறுதியிலேயே, மீனின் வழியாக வரும் ஏதோ ஒரு கன உலோகமே காரணம் என்று கூறிவிட்டது. மாங்கனீசு, செலீனியம், தாலியம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஐயுற்ற பின்னர், 1959 ஜூலையில் கரிமப் பாதரசமே காரணம் என அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஹோசோகாவா, தொழிற்சாலைக் கழிவுநீர் கலந்த உணவைத் தந்து வளர்த்த 400 ஆம் எண் பூனையிடம் அதே நோயைக் கண்டார். நிறுவனம் இம்முடிவை வெளியிடவில்லை. 1970 ஆம் ஆண்டில், நோய்ப்படுக்கையில் இருந்த ஹோசோகாவா நீதிமன்றத்திற்கு அளித்த வாக்குமூலத்திலேயே இது வெளிப்பட்டது. அசிட்டால்டிஹைடு உற்பத்தி 1968 மே வரை நிறுத்தப்படவில்லை.

கருவைக் காக்கும் அரண் என்னும் நம்பிக்கை

நோய் கண்டறியப்பட்ட அதே ஆண்டுகளில், பாதிக்கப்பட்ட ஊர்களில் வேறொரு வகைக் குழந்தைகளும் இருந்தனர். இவர்கள் பிறந்த சில மாதங்களிலேயே தலை நிற்காமலும், பால் குடிக்க இயலாமலும், கண் பார்வை நிலைகொள்ளாமலும் இருந்தனர். மருத்துவர்கள் இவர்களுக்குப் பெருமூளை வாதம் என்று பெயரிட்டனர். பெருமூளை வாதம் எங்கும் காணப்படுவதே என்றாலும், இச்சிற்றூர்களில் அதன் விகிதம் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. ஆயினும் இவர்கள் மினமாட்டா நோயாளிகளாக ஏற்கப்படவில்லை. மினமாட்டா நோய் மீன் உண்பதால் வருவது. இக்குழந்தைகளோ மீனைச் சுவைத்தது கூட இல்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

இதன் பின்னணியில் அக்கால மருத்துவத்தின் ஒரு பொதுவான நம்பிக்கை இருந்தது. நச்சுக்கொடி என்பது தாயின் இரத்தத்திலுள்ள நச்சுப் பொருள்களைத் தடுத்து நிறுத்திக் குழந்தையைக் காக்கும் அரண் என்றும், தாயே நோயுறும் அளவுக்கு நஞ்சு மிகுந்தாலன்றி அது குழந்தையை எட்டாது என்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. (தமிழில் இவ்வுறுப்பின் பெயரிலேயே நஞ்சு இருப்பது தற்செயலானது.) தாலிடோமைடு என்னும் மருந்தை உட்கொண்ட தாய்மார்களுக்குக் கை, கால் குறைபாடுகளுடன் குழந்தைகள் பிறந்த செய்தி 1961 ஆம் ஆண்டின் இறுதியில்தான் உலகை எட்டியது. எனவே மினமாட்டா மருத்துவர்களின் தயக்கத்தை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. எனினும், அத்தயக்கம் நீடித்த ஆண்டுகளில் இக்குடும்பங்களுக்கு எவ்வித இழப்பீடும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

நோய் கண்டறியப்பட்ட வரலாறு

குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் நரம்பியல், மனநல மருத்துவம் பயின்ற இளம் மருத்துவர் ஹராடா மசசுமி (1934–2012) 1961 ஆம் ஆண்டில் நோயாளிகளைக் காண மினமாட்டாவின் சிற்றூர்களுக்குச் சென்றார். ஒரு வீட்டின் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த அண்ணன், தம்பி இருவரிடமும் ஒரே மாதிரியான அறிகுறிகளை அவர் கண்டார். இருவருக்கும் மினமாட்டா நோய் என்றே அவர் எண்ணினார். ஆனால் மூத்தவனுக்கு மட்டுமே அந்நோய் என்றும், இளையவன் மீன் உண்ணாதவன் ஆகையால் அவனுக்குப் பெருமூளை வாதம் என்று மருத்துவர்கள் கூறியதாகவும் தாய் தெரிவித்தார். அதனைத் தாம் நம்பவில்லை என்றும், கணவரும் மூத்த மகனும் தாமும் ஒரே மீனை உண்டதாகவும், தம் உடலில் சென்ற பாதரசம் அப்போது வயிற்றிலிருந்த இளைய மகனிடம் சென்றுவிட்டது என்றும் அவர் விளக்கினார். அக்கால மருத்துவக் கொள்கைக்கு முரணான இக்கருத்தே பின்னர் சரியென நிறுவப்பட்டது. இதனைத் தமக்குக் கற்பித்தவர்கள் தாய்மார்களே என்று ஹராடா தம் நூல்களில் எழுதியுள்ளார்.

ஹராடா இத்தகைய குழந்தைகளை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று ஆராய்ந்தார். அவர்களின் அறிகுறிகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. அவர்கள் பிறந்த காலமும் இடமும், பெரியவர்களிடம் நோய் மிகுந்திருந்த காலத்துடனும் இடத்துடனும் பொருந்தின. குடும்பத்தில் வேறு எவரேனும் மினமாட்டா நோயாளியாக இருந்தனர். தாய்மார்கள் கருவுற்ற காலத்தில் விரிகுடா மீனை மிகுதியாக உண்டிருந்தனர். தாய்மார்கள் சிலரிடமும் கை, கால் மரத்துப்போதல் போன்ற இலேசான அறிகுறிகள் இருந்தன. ஆனால் எவரும் அதனைப் பொருட்படுத்தியிருக்கவில்லை.

நோயை உறுதிசெய்யும் குழுவினருக்கு இச்சான்றுகள் போதவில்லை. இக்குழந்தைகளுள் ஒருவர் இறந்து, மூளை உடற்கூறாய்வு செய்யப்பட்டாலன்றி முடிவு கூற இயலாது என்பது தாய்மார்களுக்குக் கிடைத்த மறுமொழி. அவ்வாறே நிகழ்ந்தது. 1961 ஆம் ஆண்டில் ஒரு சிறுமியும், 1962 ஆம் ஆண்டில் மற்றொரு சிறுமியும் இறந்தனர். இருவரின் மூளையிலும் பாதரச நச்சுக்குரிய சிதைவு காணப்பட்டது. அதன் பின்னர் 1962 நவம்பரில், உயிருடன் இருந்த 16 குழந்தைகள் பிறவி மினமாட்டா நோயாளிகளாக ஏற்கப்பட்டனர். பிற்காலத்தில் இவ்வெண்ணிக்கை 60-ஐத் தாண்டியது. பிறப்பதற்கு முன்போ பிறந்த சில நாட்களிலோ இறந்துபோனவர்கள் இக்கணக்கில் அடங்க மாட்டார்கள். 1950களின் இரண்டாம் பாதியில் மினமாட்டாவில் பிறந்த ஆண் குழந்தைகளின் விகிதம் குறைந்திருந்ததையும், ஆண் கருக்கள் மிகுதியாக இறந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதையும் 2001 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

தொப்புள்கொடிச் சான்று

நோய் ஏற்கப்பட்ட பின்னரும் ஒரு குறை நீடித்தது. குழந்தைகள் கருவில் இருந்தபோது அவர்களின் உடலில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்பதை எவரும் அளந்திருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து எடுத்த முடி, இரத்தம் ஆகியவற்றில் அந்நச்சின் தடயம் எஞ்சியிருக்காது. ஏனெனில் மெத்தில் பாதரசம் உடலிலிருந்து ஏறக்குறைய 50 முதல் 70 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இதற்கு விடை ஜப்பானியக் குடும்ப வழக்கம் ஒன்றில் கிடைத்தது. அங்கு குழந்தையின் தொப்புள்கொடித் துண்டை உலர்த்தி, பிறந்த நாளைக் குறித்து, சிறிய மரப்பெட்டியில் இட்டுப் பாதுகாப்பர். (தமிழகத்தில் உலர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தைக்கு அணிவிக்கும் வழக்கத்துடன் இதனை ஒப்பிடலாம்.) தொப்புள்கொடி கருவில் இருக்கும்போதே உருவாகி, பிறந்தவுடன் உடலிலிருந்து பிரிவதால், அதிலுள்ள பாதரசம் கருக்காலத்தின் நிலையை அப்படியே காட்டும். ஹராடா வீடு வீடாகச் சென்று இப்பெட்டிகளைக் கேட்டுப் பெற்றார். நிஷிகாகி என்னும் ஆய்வாளருடன் இணைந்து அவர் மேற்கொண்ட அளவீடுகள் 1975 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியாயின. தொழிற்சாலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்தவர்களின் கொடியில் மெத்தில் பாதரசம் மிகுந்தும், உற்பத்தி இறங்கிய ஆண்டுகளில் குறைந்தும் இருந்தது தெரியவந்தது. தொழிற்சாலைக் கணக்கேடும் தாய்மார்களின் மரப்பெட்டிகளும் ஒரே செய்தியைக் கூறின.

நஞ்சு கருவை அடையும் விதம்

பாதரசத்தின் எல்லா வடிவங்களும் ஒரே வகையில் செயற்படுவதில்லை. கனிமப் பாதரச உப்புகள் பெரும்பாலும் நச்சுக்கொடியிலேயே தங்கிவிடுகின்றன. பாதரச ஆவி நச்சுக்கொடியைக் கடக்கும். கொடைக்கானலில் 2001 ஆம் ஆண்டில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை தொடர்பான சிக்கல் முதன்மையாகப் பாதரச ஆவியையும் கனிமப் பாதரசத்தையும் சார்ந்ததாகும். மீனின் வழியே வந்த மினமாட்டா நச்சுடன் அதனை ஒன்றாகக் கருதுதல் தவறு.

மெத்தில் பாதரசமோ உணவில் உள்ளதில் 90 விழுக்காட்டிற்கு மேல் குடலில் உறிஞ்சப்படுகிறது. இரத்தத்தில் இது சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்துடன் பிணைகிறது. அவ்வாறு பிணைந்த மூலக்கூறின் வடிவம், உடலுக்குத் தேவையான மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தின் வடிவத்தை ஒத்துள்ளது. நச்சுக்கொடியும் மூளையின் இரத்தத் தடுப்பும் அமினோ அமிலங்களை உள்ளே கொண்டுசெல்வதற்கெனத் தனிக் கடத்திப் புரதங்களைக் கொண்டுள்ளன. அவை மெத்தில் பாதரசத்தையும் ஊட்டச்சத்து என்று கொண்டு உள்ளே செலுத்துகின்றன. அதாவது இந்நஞ்சு அரணை உடைத்துக்கொண்டு நுழைவதில்லை; உணவுக்குத் திறக்கும் வாயில் வழியாகவே செல்கிறது.

வளரும் குழந்தைக்கு அமினோ அமிலங்கள் மிகுதியாகத் தேவைப்படுவதால், கடத்தல் தாயிடமிருந்து சேயை நோக்கியே மிகுதியாக நிகழ்கிறது. இதன் விளைவாகப் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் உள்ள மெத்தில் பாதரசத்தின் செறிவு, தாயின் இரத்தத்தில் உள்ளதைக் காட்டிலும் சராசரியாக ஏறக்குறைய 1.7 மடங்காக இருக்கிறது. தாயின் சுமையில் ஒரு பகுதியைக் குழந்தை ஏற்றுக்கொள்கிறது என்று கூறுவது இங்கு உருவகம் அன்று. மினமாட்டாவில் ஒரு தாய், தாமும் தம் பிற குழந்தைகளும் நலமாக இருப்பதற்கு முதல் மகள் நஞ்சைத் தான் ஏற்றுக்கொண்டதே காரணம் என்று கூறி, அவளைச் 'செல்வக் குழந்தை' என்றே அழைத்து வந்தார்.

மூளையை அடைந்த மெத்தில் பாதரசம், புரதங்களில் உள்ள கந்தக அணுக்களுடன் வலுவாகப் பிணைகிறது. உயிரணுவின் உட்சட்டமாகிய நுண்குழல்கள் குலைகின்றன. உயிரணுப் பிரிதலுக்கும், நரம்பணுக்கள் பிறந்த இடத்திலிருந்து தமக்குரிய அடுக்குக்கு நகர்ந்து செல்வதற்கும் இந்நுண்குழல்கள் இன்றியமையாதவை. வளர்ந்தவரிடம் பார்வைக்குரிய பெருமூளைப் புறணி, சிறுமூளை முதலிய குறிப்பிட்ட பகுதிகளே பெரிதும் சிதைகின்றன. கருவிலோ மூளை முழுவதும் கட்டமைக்கப்பட்டுக் கொண்டிருப்பதால், சிதைவு பரவலாக நிகழ்கிறது. ஒரே நஞ்சு தாய்க்கு விரல் மரத்துப்போதலையும் சேய்க்கு வாழ்நாள் முழுவதும் நீங்காத ஊனத்தையும் தருவதன் காரணம் இதுவே.

அறிகுறிகள்

ஹராடா ஆராய்ந்த குழந்தைகள் அனைவரிடமும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு, தசை இயக்க ஒருங்கின்மை, பேச்சுக் குழறல், கை, கால் உருத்திரிபு, உடல் வளர்ச்சிக் குறைவு, கைக்குழந்தைப் பருவத்துடன் மறைய வேண்டிய அனிச்சைச் செயல்கள் மறையாதிருத்தல் ஆகியன காணப்பட்டன. பெரும்பாலோரிடம் கட்டுப்பாடற்ற உடல் அசைவுகளும் உமிழ்நீர் வடிதலும் இருந்தன. பலருக்கு மாறுகண் இருந்தது. வலிப்பும் சிலரிடம் காணப்பட்டது. பெரியவர்களிடம் காணப்படும் மினமாட்டா நோயின் முத்திரை அறிகுறியான பார்வைப் புலம் சுருங்குதல், இக்குழந்தைகளிடம் சோதித்து அறிய இயலாத ஒன்றாக இருந்தது. இந்நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருத்துவம் எதுவும் இல்லை. இயன்முறை மருத்துவமும் பராமரிப்புமே உள்ளன.

நீகாட்டாவும் ஈராக்கும்

1965 ஆம் ஆண்டில் ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில், அகானோ ஆற்றங்கரையில் இரண்டாவது மினமாட்டா நோய் கண்டறியப்பட்டது. அங்கு ஷோவா டென்கோ நிறுவனத்தின் அசிட்டால்டிஹைடு ஆலை காரணமாக இருந்தது. நீகாட்டாவில் பிறவி நோயாளியாக ஏற்கப்பட்டவர் ஒருவர் மட்டுமே. இக்குறைந்த எண்ணிக்கை ஆறுதல் தருவதன்று. முடியில் பாதரசம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருந்த பெண்களைக் குழந்தை பெறாதிருக்குமாறு அதிகாரிகள் அறிவுறுத்தினர். அதனால் பிறவாமலே போன குழந்தைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஈராக்கில் 1971–72 குளிர்காலத்தில் நிகழ்ந்தது மீனுடன் தொடர்பற்றது. வறட்சிக்குப் பின் விதைப்பதற்காக இறக்குமதி செய்யப்பட்ட கோதுமை, பூஞ்சையைத் தடுக்க மெத்தில் பாதரசம் பூசப்பட்டு வந்தது. விதைக்கும் காலம் கடந்த பின்னரே பல ஊர்களுக்கு அது வந்து சேர்ந்தது. மூட்டைகளில் இருந்த எச்சரிக்கை உழவர்கள் அறியாத மொழியில் இருந்தது. விதையின் மேலிருந்த சிவப்புச் சாயத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் நீங்கிவிடும் என்று நம்பி, அதனை மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் இறந்தனர். கருவுற்றிருந்தபோது இந்த ரொட்டியை உண்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் மினமாட்டாவில் கண்ட அதே நிலை காணப்பட்டது. தாயின் முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி அளந்து, கருக்காலத்தின் எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு சென்றது என்பதை ஆய்வாளர்கள் இங்குக் கணித்தனர்.

குறைந்த அளவிலான பாதரசம்

மேற்கூறியவை பேரழிவுகள். அன்றாட மீன் உணவில் உள்ள சிறிய அளவும் கருவுக்குத் தீங்கா என்னும் கேள்வி அதன் பின்னர் எழுந்தது. இதற்கு விடை காணத் தொடங்கப்பட்ட இரு நெடுங்கால ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறான முடிவுகளைத் தந்தன. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபரோ தீவுகளில் 1986–87 ஆம் ஆண்டுகளில் பிறந்த ஏறத்தாழ 1,000 குழந்தைகளை பிலிப் கிராஞ்சான், பால் வைகே ஆகியோர் தொடர்ந்து ஆராய்ந்தனர். அத்தீவினர் உண்ணும் திமிங்கில இறைச்சியில் பாதரசம் மிகுதி. தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம் மிகுந்திருந்த குழந்தைகள், ஏழாவது வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றிற்கான தேர்வுகளில் சற்றுப் பின்தங்கியிருந்தனர். இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் தீவுகளில், நாள்தோறும் கடல்மீன் உண்ணும் தாய்மார்களின் குழந்தைகளிடம் அத்தகைய தீங்கு சீராகக் காணப்படவில்லை. திமிங்கிலத்தில் உள்ள பிற மாசுகள் ஒரு காரணமாக இருக்கலாம். மீனில் உள்ள கொழுப்பு அமிலங்கள் மூளை வளர்ச்சிக்கு உதவி, பாதரசத்தின் தீங்கை ஓரளவு மறைத்திருக்கவும் கூடும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001 ஆம் ஆண்டில் ஃபரோ ஆய்வைப் பெரிதும் சார்ந்து, நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.1 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்னும் அளவை வரையறுத்தது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம் ஆகும். உலக சுகாதார அமைப்பு, உணவு வேளாண் அமைப்பு ஆகியவற்றின் கூட்டுக் குழு 2003 ஆம் ஆண்டில் வாரத்திற்குக் கிலோகிராமுக்கு 1.6 மைக்ரோகிராம் என்றது.

கருவுற்றோர் மீனை முற்றிலும் தவிர்ப்பதும் தவறு. அமெரிக்க அறிவுரைப்படி, பாதரசம் குறைந்த மீன் வாரத்திற்கு ஏறக்குறைய 225 முதல் 340 கிராம் வரை உண்பது குழந்தைக்கு நலம் தரும். சுறா, வாள்மீன் போன்று நீண்ட நாள் வாழ்ந்து பிற மீன்களை உண்ணும் பெரிய மீன்களே தவிர்க்கப்பட வேண்டியவை. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு. தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு தரும் வழக்கம் உண்டு. பொதுவாக அதற்குச் சிறிய பால் சுறாவே விரும்பப்படுகிறது. தாய்ப்பாலில் செல்லும் பாதரசமும் நச்சுக்கொடி வழியாகச் செல்வதைவிடக் குறைவு. எனினும் பெரிய சுறாவைக் கருவுற்ற காலத்தில் தவிர்ப்பதே அறிவுடைமை. கழுவுதல், வேகவைத்தல், வறுத்தல் எதுவும் மீன் தசையிலுள்ள மெத்தில் பாதரசத்தை நீக்காது.

பிற கன உலோகங்கள்

ஈயம் நச்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. வளர்ந்தவரின் உடலில் உள்ள ஈயத்தில் 90 விழுக்காட்டிற்கு மேல் எலும்பில் பல்லாண்டுகள் தங்கியிருக்கும். குழந்தைக்குக் கால்சியம் தேவைப்படும்போது தாயின் எலும்பு கரைவதால், இளமையில் சேர்ந்த ஈயமும் இரத்தத்திற்குத் திரும்புகிறது. இதனால் கருவுற்ற பெண்கள் போதிய கால்சியம் பெறுவது முக்கியமாகிறது. காட்மியம் பெரும்பாலும் நச்சுக்கொடியிலேயே தேங்கி, துத்தநாகம் போன்ற சத்துகள் செல்வதைக் குறைப்பதால் குழந்தையின் எடை குறைகிறது. ஜப்பானின் தோயாமா மாநிலத்தில் காட்மியத்தால் உண்டான இத்தாய்-இத்தாய் நோய், பல முறை பிள்ளை பெற்ற பெண்களையே மிகுதியாகத் தாக்கியது. அங்குச் சிதைந்தவை தாய்மார்களின் எலும்புகளும் சிறுநீரகங்களும்.

சட்டமும் இழப்பீடும்

1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் சிசோ நிறுவனம் நோயாளிகளுக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசும் குமமோட்டோ மாநில நிர்வாகமும் பொறுப்பாளிகளே என்று ஜப்பான் உச்சநீதிமன்றம் கூறியது 2004 அக்டோபரில்தான்.

பிறவி நோயாளிகளைப் பொறுத்தவரை 1988 பிப்ரவரி 29 அன்று வெளியான உச்சநீதிமன்றத்தின் குற்றவியல் முடிவு தனிச்சிறப்புடையது. நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மீதும் முன்னாள் ஆலை மேலாளர் மீதும் கவனக்குறைவால் இறப்பை விளைவித்த குற்றம் சாட்டப்பட்டிருந்தது. இறந்தவர்களுள், கருவில் நஞ்சேறிப் பிறந்து 12 வயதில் மறைந்த ஒரு சிறுவனும் அடங்குவான். தீங்கு நேர்ந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை. எனவே சட்டத்தின் பார்வையில் அவன் அப்போது மனிதன் அல்லன் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கரு தாயின் ஒரு பகுதி. அதற்கு ஊறு செய்வது ஒரு மனிதருக்கு ஊறு செய்வதே. அவ்வூறினால் பிறந்த பின் குழந்தை இறந்தால் அது மனிதர் ஒருவரை இறக்கச் செய்ததே ஆகும் என்று நீதிமன்றம் கூறி, இருவர் மீதான தண்டனையை உறுதிசெய்தது. எனினும் 1979 ஆம் ஆண்டிலேயே அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஈராண்டுச் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாகவே இருந்தது.

நோயாளிகளின் வாழ்வு

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித் 1971 ஆம் ஆண்டில் எடுத்த படம் ஒன்று, பிறவி நோயாளியான மகளைத் தாய் குளிப்பாட்டும் காட்சியைக் காட்டுகிறது. இந்நோயை உலகறியச் செய்தது இப்படமே. மகள் இறந்த பல ஆண்டுகளுக்குப் பின்னர், அவள் ஓய்வெடுக்கட்டும் என்னும் பெற்றோரின் விருப்பத்திற்கிணங்க இப்படத்தைப் புதிதாக வெளியிடுவது நிறுத்தப்பட்டது.

1950களில் பிறந்த நோயாளிகள் பலர் இளமையில் தாமே நடந்து, தம் கையால் உண்டு வாழ்ந்தனர். ஆனால் நடுத்தர வயதிலேயே அவர்களுள் பலரின் இயக்கத் திறன் குன்றி, சக்கர நாற்காலியை நாடவேண்டியதாயிற்று. அவர்களைப் பராமரித்து வந்த பெற்றோர் முதுமையடைந்து மறைந்ததும் மற்றொரு சிக்கலாயிற்று. மினமாட்டாவில் 1972 ஆம் ஆண்டில் மெய்சுய்-என் என்னும் பராமரிப்பு இல்லமும், 1998 ஆம் ஆண்டில் பிறவி நோயாளிகள் பகலில் கூடிப் பணியாற்றும் ஹொட்டோ ஹவுஸ் என்னும் இடமும் தொடங்கப்பட்டன. பள்ளி மாணவர்களுக்குத் தம் வாழ்வை எடுத்துரைப்பதை அங்குள்ள நோயாளிகள் ஒரு பணியாகவே மேற்கொண்டுள்ளனர்.

1972 ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் அவையின் மனிதச் சுற்றுச்சூழல் மாநாடு நடந்தபோது, பதின்ம வயதுப் பிறவி நோயாளி ஒருவர் தம் தாயுடன் அங்குச் சென்று உலகின் முன் நின்றார். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013 அக்டோபரில் குமமோட்டோவில் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018 ஆம் ஆண்டில் இதற்கு ஒப்புறுதி அளித்தது. 2017 செப்டம்பரில் ஜெனீவாவில் நடைபெற்ற உறுப்பு நாடுகளின் முதல் மாநாட்டிலும் அதே பெண்மணி, 45 ஆண்டுகளுக்குப் பின், சக்கர நாற்காலியில் இருந்தவாறு உரையாற்றினார்.